வானமும் அயல்நாட்டுக் கிராக்கியும்: தானிய விலை உருவாகும் விதம்

விளைபொருள் விற்பனையைப் பற்றி நம் சங்கங்களின் மகாசபைக் கூட்டங்களில் தவறாமல் எழும் வினா ஒன்று உண்டு. "மழை நன்றாகப் பெய்து மகசூல் பெருகிய ஆண்டில் விலை விழுந்துவிடுகிறது, வானம் பொய்த்த ஆண்டில் விலை ஏறுகிறது, ஆனால் விற்க நம்மிடம் மூட்டை இல்லை, எந்த ஆண்டில்தான் விவசாயி பிழைப்பது?" என்பதே அது. வினா நியாயமானது. ஆயினும் இதற்குரிய விடையில் பாதி நம் வயலிலும் இல்லை, நம் மண்டியிலும் இல்லை. எங்கோ ஒரு நாட்டில் மற்றொருவர் வயலில் பெய்த அல்லது பெய்யாத மழையிலும், இன்னொரு நாட்டில் எவரோ வாங்க எண்ணும் தானியத்தின் அளவிலும் அது அடங்கியுள்ளது. இவ்விரண்டும் சேர்ந்து களத்துமேட்டு விலையை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதை, நடந்த நிகழ்ச்சிகளைக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம். எடுத்துக்காட்டுகளிற் பெரும்பாலானவை வட அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஏற்றுமதிக்கென்றே தானியம் விளைவிக்கும் நாடுகள் அவை என்பதாலும், அங்கு விலையும் விளைச்சலும் ஆண்டுதோறும் பதிவு செய்யப்பட்டிருப்பதாலும் அவற்றைத் தேர்ந்துகொண்டோம்.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் நலம். தேவை வேறு, கிராக்கி வேறு. பசித்தவர் யாவருக்கும் தேவை உண்டு. கையில் பணமோ கடன் வசதியோ கொண்டு, கப்பல் அமர்த்தி, வாங்க வந்து நிற்பவரின் தேவையே கிராக்கியாகும். உலகில் உணவுக்குத் திண்டாட்டம் என்று செய்தி வந்த மாத்திரத்தில் விலை ஏறிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கருதுவதில்லை.

மழையின் அளவு மட்டுமன்று, மழையின் தருணம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பகுதியில் அயோவா, இல்லினாய் முதலிய மாநிலங்கள் மக்காச்சோளத்துக்குப் பேர் போனவை. ஏப்ரல், மே மாதங்களில் விதைப்பு நடைபெறும். ஜூலையில் பயிர் பூக்கும். மக்காச்சோளக் கதிரின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு பட்டு இழை உண்டு. தலைப்பூவிலிருந்து உதிரும் மகரந்தம் அவ்விழையில் படிந்தாலன்றி அந்த மணி பிடிப்பதில்லை. அச்சமயம் கடும் வெப்பமும் வறட்சியும் நேருமாயின் இழை காய்ந்துபோகும். பின்னர் ஆகஸ்டில் எவ்வளவு மழை பெய்தாலும் பிடிக்காத மணி பிடிக்காது. சோயா மொச்சைக்கோ ஆகஸ்டு மழையே உயிர். ஆகவே ஆண்டு முழுவதும் பெய்த மழையைக் கூட்டிப் பார்த்து விளைச்சலை மதிப்பிடுவது பயனற்ற காரியம். பால் பிடிக்கும் பருவத்தில் ஒரு வாரம் தண்ணீர் தவறினால் நெல் என்னவாகும் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

1848இல் தோன்றிய சிகாகோ வர்த்தக மன்றத்தில் தானியத்துக்கு முன்பேரம் நடக்கிறது. பின்னொரு மாதத்தில் ஒப்படைக்க வேண்டிய சரக்குக்கு இன்றே விலை பேசி முடிப்பதே முன்பேரமாகும். அங்கு வியாபாரிகள் விலை கூறுவது பெய்த மழைக்கன்று, பெய்யக்கூடிய மழைக்கு. பயிர் இன்னும் ஆபத்தைத் தாண்டாத காலத்தில், அந்த ஆபத்துக்கென்றே விலையில் ஒரு பங்கு ஏறி நிற்கும். பூக்கும் பருவம் நல்லபடியாகக் கடந்தால், ஒரு மூட்டைகூட அறுவடையாகாத நிலையிலேயே அந்தப் பங்கு கழன்று விழும். இதனால்தான் பல ஆண்டுகளில் கோடையின் முற்பகுதியில் உயர்ந்து நிற்கும் விலை அறுவடையின்போது தாழ்ந்து கிடக்கிறது. "வயலில் பயிர் நிற்கையில் இருந்த விலை, களத்துக்கு வந்ததும் எங்கே போயிற்று?" என்று நம் ஊரில் கேட்கப்படும் கேள்விக்கும் ஓரளவு இதுவே விடை. மீதிக்கு விடை, அறுவடைக் காலத்தில் எல்லோரும் ஒரே வாரத்தில் விற்க வருவதாகும்.

2012ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு அமெரிக்க விவசாயிகள் ஏறத்தாழ 9 கோடியே 70 லட்சம் ஏக்கரில் மக்காச்சோளம் விதைத்தனர். 1937க்குப் பின் அவ்வளவு பரப்பில் விதைக்கப்பட்டதில்லை. ஏக்கருக்கு 166 புஷல் விளையும் என்று விவசாய இலாகா முன்கூட்டி மதிப்பிட்டது. மக்காச்சோளத்தில் ஒரு புஷல் என்பது 25.4 கிலோ. மொத்தம் 37 கோடி டன்னுக்கு மேல் கிடைக்கும் என்ற நம்பிக்கையில், ஜூன் தொடக்கத்தில் விலை புஷல் 6 டாலருக்கும் கீழே இறங்கியிருந்தது. பிறகு வெப்பமும் வறட்சியும் சூழ்ந்தன. முடிவில் கிடைத்த மகசூல் ஏக்கருக்கு 123 புஷலே. மொத்தம் 27 கோடியே 30 லட்சம் டன். ஆகஸ்டில் சிகாகோ விலை 8 டாலரைக் கடந்தது.

இந்த உயர்வால் பயனடைந்தவர் யார்? கணக்கிட்டுப் பார்ப்போம். இல்லினாயில் 2011இல் ஏக்கருக்கு 157 புஷல் விளைந்தது; 2012இல் 105 புஷல். நாட்டின் சராசரிப் பண்ணை விலை முதலாண்டு 6 டாலர் 22 சென்ட். மறு ஆண்டு 6 டாலர் 89 சென்ட். இச்சராசரி விலையைக் கொண்டு பெருக்கினால் இல்லினாய் விவசாயியின் ஏக்கர் வரவு 976 டாலரிலிருந்து 723 டாலராகக் குறைந்தது புலனாகும். வடக்கே மினசோட்டாவில் வறட்சி அவ்வளவு தாக்கவில்லை. அங்கு ஏக்கருக்கு 165 புஷல் விளைந்தது. அதே விலையில் வரவு 1,137 டாலர். வறட்சியால் ஏறிய விலை, வறட்சி படாதவனையே சேர்ந்தது. மகாசபையில் கேட்கப்படும் வினாவின் உட்பொருள் இதுவே. விலை உயர்வு பயிர் இழந்தவனுக்கு ஈடு என்று கூறுவோர் பயிர் இழந்திராதவர்களாகவே இருக்கக் காண்கிறோம். இழந்தவனுக்கு ஈடு செய்ய வல்லது பயிர்க் காப்பீடே. அமெரிக்காவிலும் அவ்வாண்டு பெரும்பாலோரைக் காத்தது அதுதான்.

இன்னொன்றும் நிகழ்ந்தது. விலை அவ்வளவு உயர்ந்ததும் அயல்நாட்டார் அமெரிக்கச் சரக்கை விட்டு விலகினர். முந்தைய ஆண்டில் 154 கோடி புஷலாக இருந்த மக்காச்சோள ஏற்றுமதி 73 கோடி புஷலுக்கு வீழ்ந்தது; ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் அது மிகத் தாழ்ந்த அளவு. வாங்குவோர் பிரேசிலுக்குச் சென்றனர். பயிர் குறைந்தால் விலை ஏறும், விலை ஏறினால் கிராக்கி குறையும். மறு ஆண்டு நல்ல மழை பெய்து பயிர் பெருகும்போது, விலகிச் சென்றவர்கள் அனைவரும் உடனே திரும்பி வருவார்கள் என்பதற்கு உறுதியில்லை.

1972: அறிந்தவனும் அறியாதவனும்

வானிலையை ஒருவாறு யாவரும் காண்கிறோம். அயல்நாட்டுக் கிராக்கியோ கண்ணுக்குப் புலனாகாதது. வாங்குகிறவன் அதை வெளியிடாதிருப்பதிலேயே அவன் ஆதாயம் இருக்கிறது. இதற்கு 1972ஆம் ஆண்டு நிகழ்ச்சியைக் காட்டிலும் தெளிவான சான்று இல்லை. ஆதலின் சற்று விரிவாகவே கூறுகிறோம்.

1971-72 குளிர்காலத்தில் சோவியத் ஒன்றியத்தின் பல பகுதிகளில் பனிப்போர்வை போதுமான அளவு விழவில்லை. குளிர்காலக் கோதுமை நிலத்தின் மேல் பனி மூடியிருந்தால் பிழைக்கும். மூடாவிடின் கடுங்குளிரில் மடியும். அவ்வாறே மடிந்தது. தொடர்ந்து வந்த கோடையில் வறட்சி. முந்தைய காலங்களில் இத்தகைய ஆண்டுகளில் அந்நாட்டு அரசு கால்நடைகளைக் குறைத்துச் சமாளித்ததுண்டு. இம்முறை தானியத்தை வெளியிலிருந்து வாங்குவது என்று தீர்மானித்தது.

ஜூலைத் தொடக்கத்தில் சோவியத் கொள்முதல் அதிகாரிகள் அமெரிக்கா சென்று, பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளைத் தனித்தனியே சந்தித்து வாங்கினர். ஒரு கம்பெனி விற்ற அளவு மற்றொன்றுக்குத் தெரியாது. ஜூலை 8ஆம் தேதி அமெரிக்க அரசே, மூன்று ஆண்டுகளில் 75 கோடி டாலர் வரை தானியம் வாங்கக் கடன் வசதி அளிப்பதாக அறிவித்தது. ஆகஸ்டு முடிவதற்குள் விற்பனையான கோதுமை மட்டும் ஏறத்தாழ 44 கோடி புஷல், அதாவது 1 கோடியே 20 லட்சம் டன். அந்நாட்டின் அவ்வாண்டு விளைச்சலில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகம்! இதில் வேடிக்கை யாதெனில், அமெரிக்கக் கோதுமையை உலகச் சந்தையில் மலிவாக விற்கும்பொருட்டு அரசு நெடுங்காலமாக ஏற்றுமதி மானியம் கொடுத்து வந்தது. உள்நாட்டு விலை ஏறத் தொடங்கிய பின்னரும், ஏற்றுமதி விலை புஷலுக்கு 1 டாலர் 63 சென்ட் அளவில் நிற்குமாறு, வித்தியாசத்தை அரசு கம்பெனிகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தது. வாங்குகிறவனுக்கு அவசரத் தேவை, சரக்கோ வேறெங்கும் இல்லை. அந்நிலையிலும் அவனுக்கு மலிவாகக் கொடுக்க வரிப்பணம் செலவாயிற்று. 1973 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரசின் தணிக்கை அலுவலகம் இந்த மானிய நிர்வாகத்தைக் கடிந்து அறிக்கை வெளியிட்டது. தணிக்கை அறிக்கைகள் காரியம் முடிந்த பின்னரே வருகின்றன என்ற குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்.

இப்போது விவசாயியிடம் வருவோம். டெக்சாஸ், ஓக்லஹோமா ஆகிய தென்பகுதிகளில் கோதுமை அறுவடை ஜூன் மாதத்தில் முடிந்துவிடும். கடனுக்கும் செலவுக்கும் அறுவடையோடு விற்பது அங்கும் பலருக்கு வழக்கம். விலை புஷலுக்கு 1 டாலர் 30 சென்ட் சுற்றிலும் இருந்தது. அவர்கள் விற்று முடித்த சில வாரங்களில் விலை எழும்பத் தொடங்கியது. 1974 பிப்ரவரியில் அந்நாட்டு விவசாயி பெற்ற சராசரி விலை 5 டாலருக்கு மேல். முன்னரே விற்றவர்கள் சோம்பேறிகளோ அறிவிலிகளோ அல்லர். சோவியத் வயல்களில் பனி விழாததையும், கம்பெனிகளின் அறைகளுக்குள் நடந்த பேச்சையும் அவர்கள் அறிய வழியில்லை. அமெரிக்காவில் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்கள் ஊர்தோறும் தானியக் கிடங்குகளை நடத்துகின்றன. கட்டடமும் தராசும் இயந்திரமும் நம் சங்கங்கள் கனவிலும் காணாதவை. அவை இருந்தும் செய்தி இல்லை. கிடங்கு வைத்திருப்பது பாதி வேலை. எப்பொழுது திறப்பது என்று அறிவது மறுபாதி.

அதே ஆண்டு பெரு நாட்டுக் கடற்கரையில், கடல்நீர் வெப்பமாகும் எல் நினோ என்ற மாறுதலாலும், முன்பே அளவுக்கு மிஞ்சிப் பிடித்ததாலும் நெத்திலி மீன் அற்றுப்போயிற்று. அந்த மீன்தூள் கால்நடைத் தீவனமாக உலகெங்கும் சென்றுகொண்டிருந்தது. அது நின்றதும் அனைவரும் சோயா மொச்சையை நாடினர். விலை தாறுமாறாக ஏறவே, 1973 ஜூன் 27இல் அமெரிக்க அரசு சோயா ஏற்றுமதியை நிறுத்தியது. தடை சில மாதங்களே நீடித்தது. ஆயினும் தன் சோயாவில் பெரும்பங்குக்கு அமெரிக்காவையே நம்பியிருந்த ஜப்பான் அதை மறக்கவில்லை. பிரேசிலின் வறண்ட புல்வெளிகளைச் சோயா நிலமாக்கும் முயற்சிக்குப் பணமும் தொழில் நுணுக்கமும் கொடுத்து உதவியது. இன்று உலகில் மிகுதியாகச் சோயா ஏற்றுமதி செய்யும் நாடு பிரேசிலாகும்.

1972 அனுபவத்தின் நற்பயன் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 1973இல் இயற்றிய சட்டத்தின்படி, ஏற்றுமதிக் கம்பெனிகள் தாம் எந்த நாட்டுக்கு எவ்வளவு விற்றன என்பதை வாரந்தோறும் விவசாய இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். இலாகா அதை வியாழக்கிழமைகளில் வெளியிடுகிறது. ஒரே நாளில் ஒரு நாட்டுக்கு ஒரு தானியம் 1 லட்சம் டன் அல்லது அதற்கு மேல் விற்பனையானால் மறுநாளே அறிவிக்க வேண்டும். கம்பெனிக்காரர் அறிவதை விவசாயியும் ஒரே வாரத்தில் அறிகிறான். விலைக்கு உச்சவரம்போ மானியமோ கொடுத்ததைவிட, இந்த ஒரு ஏற்பாடு சிறு உற்பத்தியாளனுக்குச் செய்த நன்மை பெரிது என்பது நமது கருத்து.

வறட்சி வந்தும் விலை வராத ஆண்டு

செய்தி தெரிந்தால் மட்டும் போதும், சரக்கைப் பிடித்து வைத்தால் விலை தானே வரும் என்று எண்ணிவிடலாகாது. கூட்டுறவாளர்களாகிய நாம் கட்டாயம் அறிய வேண்டிய கதை கனடாவில் உள்ளது. 1923, 1924ஆம் ஆண்டுகளில் ஆல்பெர்ட்டா, சஸ்காட்சுவான், மனிடோபா ஆகிய மூன்று மாகாணங்களின் கோதுமை விவசாயிகள் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களை அமைத்தனர். அங்கத்தினர் தம் கோதுமையைச் சங்கத்திடம் ஒப்படைப்பர். முன்பணம் ஒன்று உடனே கிடைக்கும். ஆண்டு முழுவதும் சங்கம் விற்ற சராசரி விலையைக் கணக்கிட்டு, மிச்சம் பின்னர் பட்டுவாடா ஆகும். முன்னால் கொடுத்தவனுக்கும் பின்னால் கொடுத்தவனுக்கும் ஒரே விலை. அவசரத்தால் விற்று ஏமாறுவது இதில் இல்லை. விற்பனைக் கூட்டுறவில் இதைவிட அழகிய ஏற்பாட்டை நாம் அறியோம்.

1929 கோடையில் கனடாவின் சமவெளியில் வறட்சி. பயிர் முந்தைய ஆண்டினதைவிட மிகக் குறைந்தது. விலை ஜூலையில் புஷலுக்கு 1 டாலர் 60 சென்ட் வரை ஏறியது. சங்கங்கள் முன்பணமாக 1 டாலர் கொடுக்கத் தீர்மானித்தன; அன்றைய விலைக்கு அது எச்சரிக்கையான தொகையாகவே தோன்றியது. ஆனால் வாங்க வேண்டிய ஐரோப்பாவில் அவ்வாண்டு விளைச்சல் நன்றாக இருந்தது. அர்ஜென்டினாவிடம் முந்தைய ஆண்டின் பெருஞ்சரக்கு இருந்தது. அது மலிவாக வந்து குவிந்தது. அது தீர்ந்தால் நம்மிடம் வருவார்கள் என்று கனடாச் சங்கங்கள் காத்திருந்தன. அக்டோபரில் நியூயார்க்கில் பங்குச் சந்தை சரிந்தது. 1930இல் விலை முன்பணத்துக்கும் கீழே போயிற்று. கடன் கொடுத்த பாங்கிகளுக்கு மாகாண அரசுகள் பொறுப்பேற்க நேர்ந்தது. 1932 டிசம்பரில் கோதுமை விலை 40 சென்டுக்கும் கீழே இறங்கிற்று. சங்கங்களின் கிடங்குகள் தப்பின. விற்பனைக் கூட்டு முறை அவர்கள் கையை விட்டுப் போயிற்று. 1935இல் அரசு அமைத்த கோதுமை வாரியம் அச்சராசரி விலை முறையைப் பின்னர் நெடுங்காலம் நடத்தி வந்தது. 2012இல் அதன் தனியுரிமை நீக்கப்பட்டது.

கனடாவில் வானம் பொய்த்தது உண்மை. ஆனால் வாங்குகிறவன் வீட்டில் வானம் பொய்க்கவில்லை. விற்கிற நாட்டின் மழை, வாங்குகிற நாட்டின் மழை, போட்டிக்கு விற்கிற நாட்டின் மழை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலன்றிக் கணக்கு முடிவதில்லை. அத்துடன் உலகில் கையிருப்பு எவ்வளவு என்பதும் வேண்டும். கிடங்குகள் நிறைந்திருக்கும் ஆண்டில் பெரிய வறட்சியும் விலையைச் சிறிதே அசைக்கும். கிடங்குகள் காலியாக உள்ள ஆண்டில் சிறு செய்தியும் அதைத் தூக்கி எறியும்.

இடையில் நிற்கும் ஆறும் உத்தரவும்

துறைமுகத்தில் கிராக்கி இருந்தும் அது களத்துமேட்டை வந்தடையாத சந்தர்ப்பங்களும் உண்டு. அமெரிக்கத் தானிய ஏற்றுமதியில் பெரும்பகுதி மிசிசிப்பி ஆற்றில் தட்டைப் படகுகளில் இறங்கி நியூ ஆர்லியன்ஸ் அருகே கப்பலேறுகிறது. 2022 அக்டோபரில், சரியாக அறுவடைக் காலத்தில், மெம்பிஸ் நகரருகே ஆற்று நீர்மட்டம் அதுவரை பதிவாகாத அளவுக்குத் தாழ்ந்தது. படகுகள் தரை தட்டின; பாரத்தைக் குறைத்து ஏற்றினர்; படகுக் கூலி முன் கண்டிராத உயரத்துக்குப் போயிற்று. துறைமுகத்தில் நல்ல விலை. ஆற்றங்கரைக் கிடங்குகளில் விவசாயிக்குக் கொடுத்ததோ குறைந்த விலை. பயிருக்கு மழை போதாதது ஒருபுறமிருக்க, ஆற்றுக்கு மழை போதாததும் விலையைத் தின்றது.

ஆற்றைவிட விரைவில் வற்றக்கூடியது அரசின் அனுமதி. 2010 கோடையில் ரஷ்யாவில் கடும் வெப்பமும் வறட்சியும் நேர்ந்து, முந்தைய ஆண்டில் 9 கோடியே 70 லட்சம் டன்னாக இருந்த தானிய விளைச்சல் 6 கோடியே 10 லட்சம் டன் அளவுக்கு வீழ்ந்தது. ஆகஸ்டு 5இல் ஏற்றுமதித் தடை அறிவிக்கப்பட்டு, 15ஆம் தேதி முதல் அமலாகி, 2011 ஜூன் முடிவு வரை நீடித்தது. சிகாகோவில் கோதுமை விலை இரண்டு மாதங்களுக்குள் ஏறக்குறைய இருமடங்காயிற்று. எகிப்து போன்ற இறக்குமதி நாடுகள் அவ்விலையைக் கொடுத்தன. ரஷ்ய விவசாயிக்கு அது கிட்டவில்லை.

நம் நாட்டிலும் இவ்வாறு நிகழ்ந்துள்ளது. 2022 பிப்ரவரி 24இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபின், கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டு, சிகாகோவில் கோதுமை விலை புஷல் 12 டாலருக்கு மேல் சென்றது. இந்தியக் கோதுமைக்கு அயல்நாடுகளில் கிராக்கி பிறந்தது. மண்டிகளில் வியாபாரிகள் ஆதார விலையாகிய குவிண்டால் 2,015 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினர். அதே மார்ச் மாதம், 1901 முதல் உள்ள பதிவுகளில் மிக வெப்பமான மார்ச்சாக அமைந்தது. மணி முற்றும் தருணத்தில் அனல் பட்டு வடக்கே கோதுமை சுருங்கிற்று. முந்தைய ஆண்டில் 433 லட்சம் டன் கொள்முதல் செய்த அரசால் அவ்வாண்டு 188 லட்சம் டன்னே வாங்க முடிந்தது. மே 13இல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. ஏப்ரலில் விற்றவர் அயல்நாட்டுக் கிராக்கியின் பயனைப் பெற்றனர். இன்னும் ஏறட்டும் என்று மே பிற்பாதி வரை எதிர்பார்த்திருந்தவர் அந்த உத்தரவை எதிர்கொண்டனர். 1972இல் காத்திருந்தவன் வென்றான். 2022இல் விற்றவன் வென்றான். இரண்டுக்கும் ஒரே விதி கூற எவராலும் இயலாது.

அரிசியின் நிலை இன்னும் நுட்பமானது. உலகில் விளையும் கோதுமையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நாடு விட்டு நாடு செல்கிறது. அரிசியில் பத்தில் ஒரு பங்கே செல்கிறது. அந்தச் சிறு பங்கில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு நம் நாட்டினது. சந்தை குறுகியதாக இருப்பதால் ஒரு நாட்டின் உத்தரவே அதை உலுக்கப் போதும். 2023இல் எல் நினோ அச்சத்திடையே, ஜூலை 20இல் பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதி தடை செய்யப்பட்டது; ஆகஸ்டு 25இல் புழுங்கல் அரிசிக்கு 20 சதவிகித ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. அந்த ஆகஸ்டு, 1901க்குப் பின் நாட்டில் மழை மிகக் குறைந்த ஆகஸ்டாக முடிந்தது. தாய்லாந்து அரிசியின் விலை டன்னுக்கு 600 டாலரைக் கடந்தது. அந்நாட்டாருக்கும் வியட்நாமியருக்கும் அது நல்ல அறுவடை. 2024 செப்டம்பரில் பச்சரிசித் தடையும் அக்டோபரில் புழுங்கல் வரியும் நீக்கப்பட்டன. நுகர்வோரைக் காப்பது அரசின் கடமையே. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அந்தக் காப்பின் செலவில் ஒரு பங்கை நெல் விளைவிப்பவன் கொடுக்கிறான் என்பதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

நெசவாள அங்கத்தினர்கள் இது தமக்குச் சம்பந்தமில்லாத பாடம் என்று புரட்டிவிட வேண்டாம். 2010இல் பாகிஸ்தானில் பெருவெள்ளம். அவ்வாண்டு நம் அரசும் பஞ்சு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 2010 தொடக்கத்தில் பவுண்டுக்கு 80 சென்ட் அளவில் இருந்த நியூயார்க் பஞ்சு விலை 2011 மார்ச்சில் 2 டாலரைக் கடந்தது. விளைவித்தவனுக்கு வெளிநாட்டு விலையும், நெய்கிறவனுக்கு மலிவான சிட்டா நூலும் ஒரே உத்தரவினால் தர இயலாது. இரு சாராரும் ஒரே கூட்டுறவு இயக்கத்தில் இருப்பதால் இதைப் பற்றி நம்முள் பேசிக்கொள்ளவாவது முடிகிறது.

சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில்

இவை அனைத்தும் தெரிந்த பின்னர், அறுவடையில் வந்த நெல்லை இன்று விற்பதா, கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறுவதா என்ற முடிவை அங்கத்தினர் எடுக்க வேண்டியுள்ளது. அதற்கு ஒரு மாதிரிக் கணக்கு தருகிறோம். விகிதங்கள் உதாரணத்துக்கே, அவரவர் சங்கத்து விகிதத்தை இட்டுப் பார்த்துக்கொள்க.

ஓர் அங்கத்தினர் 40 குவிண்டால் நெல்லை அறுவடைக் காலத்தில் குவிண்டால் 2,000 ரூபாய்க்கு விற்கலாம். மொத்தம் 80,000 ரூபாய். விற்காமல் நான்கு மாதம் வைக்க எண்ணுகிறார். மதிப்பில் முக்கால் பங்காகிய 60,000 ரூபாய் கடன் பெறுகிறார். வட்டி நூற்றுக்கு 9 வீதம் நான்கு மாதத்துக்கு 1,800 ரூபாய். கிடங்கு வாடகை குவிண்டாலுக்கு மாதம் 8 ரூபாய் வீதம் 1,280 ரூபாய். ஈரம் உலர்ந்தும் எலி, பூச்சியாலும் நூற்றுக்கு இரண்டு குறைவதாகக் கொண்டால் மிஞ்சுவது 39.2 குவிண்டால். 80,000 ரூபாயோடு செலவைக் கூட்டினால் 83,080 ரூபாய், அதை 39.2ஆல் வகுத்தால் 2,119 ரூபாய் சொச்சம். அதாவது நான்கு மாதத்தில் விலை 120 ரூபாய் ஏறினால்தான் கை நஷ்டமில்லை. அதற்கு மேல் ஏறுவதே இலாபம். இந்த 120 ரூபாயைக் கணக்கிடாமல் "ஏறும், ஏறும்" என்று மூட்டைகளை அடுக்கியிருக்கும் கிடங்குகளைத் தணிக்கையில் நாம் காணாமலில்லை.

ஏறும் என்பதற்கு ஆதாரம் எங்கே தேடுவது? வானிலை இலாகாவின் பருவமழை முன்னறிவிப்பும் வார மழை அறிக்கையும் யாவருக்கும் கிடைக்கின்றன. மத்திய தொகுப்பில் அரிசி, கோதுமை இருப்பு மாதந்தோறும் வெளியாகிறது. அருகிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் அன்றாட விலையைச் சங்கச் செயலாளர் கேட்டறியலாம். ஏற்றுமதி உத்தரவுகள் வெளியான அன்றே பத்திரிகையில் வருகின்றன. இந்நான்கையும் வாரம் ஒருமுறை சங்க அலுவலகத்துக் கரும்பலகையில் எழுதிவைக்க அரைமணி நேரம் போதும். மத்திய தொகுப்பு நிறைந்து, மழையும் பருவத்தில் வந்துகொண்டிருக்கும் ஆண்டில் முழுச் சரக்கையும் ஈட்டில் வைப்பதற்கு நாம் யோசனை கூறமாட்டோம். இருப்பு குறைந்து, மழையும் பின்தங்கிய ஆண்டில் விலை ஏற இடமுண்டு. ஆனால் அதே ஆண்டில்தான் தடை உத்தரவுக்கும் இடமுண்டு. இத்தகைய ஆண்டில் பாதியை அறுவடையோடு விற்று அவசரக் கடனை அடைத்து, மீதியை இரு தவணைகளில் விற்பது பத்திரம்.

பொருளீட்டுக் கடன் மனுவில் நெல்லின் எடை, ஈரம், மதிப்பு ஆகியவற்றுக்கு இடம் விட்டிருக்கிறோம். அதனருகே இன்னொரு கட்டம் சேர்த்து, "எவ்வளவு விலை வந்தால் விற்கச் சம்மதம், எந்தத் தேதிக்குப் பின் எவ்விலைக்கும் விற்கச் சம்மதம்" என்று அங்கத்தினரின் கையெழுத்தோடு சரக்கு ஒப்படைக்கும் நாளிலேயே எழுதி வாங்கிவிடலாம். நிர்வாகக் குழுத் தீர்மானம் ஒன்றே இதற்குப் போதுமானது.